கை ஆபரேஷனுக்கு பிளாக் போட்ட பிறகு நடு ராத்திரி வலி: டெக்சாவா, டெக்ஸ்மெட்டா?

கேள்வி: குடியாத்தம் மயக்க மருந்து

வணக்கம். குடியாத்தம், பள்ளிகொண்டா, காட்பாடி என்று மூன்று ஊர்களில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு, கூப்பிடும்போது போய் மயக்க மருந்து கொடுத்துவிட்டு வருகிறவள் நான். எலும்பு முறிவு கேஸ்கள்தான் அதிகம். கை என்றால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கை நரம்புகள் மட்டும் மரத்துப்போக, காறை எலும்புக்கு மேலே ஊசி, அதாவது சுப்ராகிளாவிகுலர் பிளாக், போட்டுவிடுவேன். ஆபரேஷன் நன்றாகவே நடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிற ராத்திரிதான் என் கவலை.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். 52 வயது அம்மா, லுங்கித் தறி ஓட்டுகிறவர். மகனோடு எக்ஸெல் வண்டியில் போனபோது நெல்லூர்பேட்டை பக்கம் மணலில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. 58 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. மதியம் 3:40க்கு மரக்கவைக்கும் மருந்தான புபிவகெய்ன், 0.5 சதவீதம், 20 மில்லி போட்டேன், அதாவது 100 மில்லிகிராம். வேறு எதுவும் கலக்கவில்லை. இருபது நிமிடத்தில் கை துணிபோலத் துவண்டுவிட்டது. பிளேட் வைத்து முடிக்கும் வரை அந்த அம்மா என்னிடம் பாவு ஓட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். 5:30க்கு முடிந்தது. "வலியே இல்லம்மா, நீ நல்லா இருக்கணும்" என்று இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு அனுப்பினார்.

ராத்திரி 11:45க்கு அவருடைய மகள் போன் செய்தாள். "டாக்டர், அம்மா கையை மடியில வெச்சு ஆட்டிக்கிட்டே அழறாங்க, கை வெடிக்கிற மாதிரி இருக்காம்." அவள் பேசும்போதே பின்னால் அந்த அம்மாவின் முனகல் கேட்டது. அன்றைக்கு 14 கட்டிலுக்கும் ஒரே ஒரு நர்ஸ், அவரும் பிரசவ அறையில் இருந்தார். டைக்ளோஃபெனாக் ஊசி கிடைக்கும்போது மணி 12:30. அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

பிளாக்கை நீட்டிக்க எதைச் சேர்க்கலாம்? டெக்சாமெத்தசோன் (டெக்சா), டெக்ஸ்மெடிடோமிடின் (டெக்ஸ்மெட்), குளோனிடின், புப்ரினார்பின் நான்கும் எனக்குக் கிடைக்கும். எது, எவ்வளவு, நரம்பைச் சுற்றியா, ரத்தக் குழாயிலா? இரண்டு விஷயங்களை மனதில் வைத்துச் சொல்லுங்கள். வார்டில் மானிட்டர் கிடையாது, பிரஷர் பார்க்கும் கருவியும் விரல் ஆக்சிமீட்டரும் மட்டும்தான். நரம்பைப் பார்த்து ஊசி போட உதவும் ஸ்கேன் மெஷின் காட்பாடியில் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டு இடத்திலும் நரம்பு தூண்டும் கருவியை வைத்துத்தான் போடுகிறேன். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் இருக்கும்போது ஸ்கேன் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பதில்: புதுசா முடிச்ச எம்.டி.

மேடம், என் ஓட்டு டெக்ஸ்மெட்டுக்கு. படிக்கும்போது தினமும் போட்டோம். 50 மைக்ரோகிராம், நரம்பைச் சுற்றி, புபிவகெய்னோடு கலந்து. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 தொகுப்பில் வலியில்லாத நேரம் 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. உங்கள் எட்டு மணி நேரம் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். பிளாக் சீக்கிரமும் பிடிக்கும். நோயாளி லேசாகத் தூங்கிவிடுவார், டிரில் சத்தம் கேட்டுப் பயப்பட மாட்டார்.

அது வேலை செய்யும் விதமும் எனக்குப் பிடிக்கும். ரத்தக் குழாய் சுருங்குவதால் மட்டும் பிளாக் நீளவில்லை. ஒரு தடவை சேதி அனுப்பிய நரம்பு இழை, அடுத்த சேதிக்குத் தயாராக ஒரு சின்ன மின்னோட்டம் வேண்டும். டெக்ஸ்மெட் அதைத்தான் மறிக்கிறது. வலியைக் கடத்தும் மெல்லிய இழைகளில் இது நன்றாக எடுபடும்.

குளோனிடினும் அதே குடும்பம்தான், ஆனால் சுமார் 2 மணி நேரம்தான் கூட்டும். அதற்காக பிரஷர் இறங்குவதைச் சமாளிக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. டெக்சாவும் நல்ல மருந்து, மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பதில்: வாலாஜா பழைய ஆள்

தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் டாக்டரம்மா கேள்வியிலேயே ஒரு வரி எழுதியிருக்கிறார், வார்டில் மானிட்டர் கிடையாது என்று. டெக்ஸ்மெட் பற்றிய பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா சுற்று வட்டாரத்தில் முப்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தோல் தொழிற்சாலை டிரம்மில் கை மாட்டியவர்கள், கரும்பு ஜூஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள், பெங்களூரு ரோட்டில் பைக்கில் விழுந்தவர்கள் என்று எல்லாருக்கும் பிளாக் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எந்தக் கருவியும் இல்லை. ஊசி நரம்பைத் தொட்டதும் "கரண்டு அடிக்குது சார்" என்று நோயாளி சொல்வார், அங்கே மருந்தைச் செலுத்துவோம். அப்போது சேர்த்தது அட்ரினலின் மட்டும்தான், மில்லிக்கு 5 மைக்ரோகிராம். சீக்கிரம் விட்டுவிடும் மரப்பு மருந்தான லிக்னோகெய்னோடு சேர்த்தால் ஒரு மணி நேரம் கூடும். ஊசி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நாடி தடதடவென்று ஏறிக் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே இன்றும் நான் அதை விடவில்லை.

டெக்ஸ்மெட்டுக்கு வருகிறேன். ஆற்காட்டில் ஒருவருக்கு 50 மைக்ரோ சேர்த்துப் போட்டேன். பிரஷருக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறவர். ஆபரேஷன் முழுக்க நாடி 60க்குக் குறையவில்லை. வார்டுக்கு அனுப்பி, கணக்கு எழுதி, செருப்பு மாட்டும்போது நர்ஸ் ஓடிவந்தார். நாடி 42. ஆள் கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். அட்ரோபின் போட்டதும் ஏறிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருந்தால்? தம்பி குறிப்பிட்ட தொகுப்பிலேயே நாடி குறைவதும் பிரஷர் இறங்குவதும் டெக்ஸ்மெட் போட்டவர்களிடம் பல மடங்கு அதிகம் என்று இருக்கிறது. உங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் ரெக்கவரி அறையில் ஆள் நிற்கும், மானிட்டர் கத்தும். இங்கே யார் பார்ப்பார்கள்?

அதனால் நான் டெக்சா பக்கம். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தோடு சேர்த்தால் 6 முதல் 7 மணி நேரம் கூடுகிறது. 2019ல் இரண்டையும் மறைமுகமாக ஒப்பிட்ட தொகுப்பில், சுப்ராகிளாவிகுலர் பிளாக்கிலேயே, டெக்ஸ்மெட்டைவிட டெக்சா சுமார் இரண்டரை மணி நேரம் அதிகம் தாங்கியது. நாடியைத் தொடாது, தூக்கம் தராது, வாந்தியையும் அடக்கும். விலையும் சில ரூபாய்தான்.

நரம்பைச் சுற்றியா, ரத்தக் குழாயிலா என்று கேட்டீர்கள். நேருக்கு நேர் ஒப்பிட்டால் நரம்பைச் சுற்றிப் போடுவது மூன்று மணி நேரம் போல அதிகம் தாங்குகிறது. இருந்தும் நான் ரத்தக் குழாயில்தான் 8 மில்லிகிராம் கொடுக்கிறேன். நரம்பைச் சுற்றிப் போட அந்த மருந்துக்கு அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். நம் கைக்கு வருகிற பல குப்பிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இருக்கிறது, அதை நரம்பின் மேல் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை என்பது இன்னொன்று. நரம்பைச் சுற்றித்தான் போடுவேன் என்றால், ரசாயனம் சேர்க்காத குப்பியாக வாங்கி 4 மில்லிகிராம் போடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் பெரிதாகப் பலன் இல்லை.

புபிவகெய்ன் மாதிரியே இன்னொரு மரப்பு மருந்தான ரோபிவகெய்னோடு மட்டும் டெக்சாவைக் கலக்காதீர்கள். ஒரு தடவை சிரிஞ்சில் கலந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதலில் கழுநீர் மாதிரி கலங்கியது, பிறகு கண்ணாடிப் பொடி மாதிரி மினுமினுவென்று மிதந்தது. டெக்சா காரத்தன்மை உள்ள மருந்து, ரோபிவகெய்ன் அதில் கரைந்து நிற்காமல் படிகமாகப் பிரிந்துவிடும். புபிவகெய்னோடு இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் எதைக் கலந்தாலும் ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றோடு வந்துவிட்டது.

விழித்திருப்பவருக்கு டெக்சாவை ரத்தக் குழாயில் வேகமாகத் தள்ளினால் மறைவிடத்தில் சுரீரென்று எரிச்சலும் அரிப்பும் எடுக்கும். பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் துடிப்பார்கள். 100 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

புப்ரினார்பின் 0.3 மில்லிகிராம் நல்ல வலி நிவாரணம் தருவது உண்மை. ராத்திரி பூரா வாந்தி எடுக்கிறவரை, கட்டுப் போட்ட கையோடு யார் தாங்கிப் பிடிப்பது? மிடாசோலம், கெட்டமின் இரண்டையும் நரம்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

சரி, இதுவரை சொன்னது மருந்தைப் பற்றி. கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் பிளாக் 3:40க்கு. வெறும் புபிவகெய்ன் எட்டு மணி நேரம், அதாவது ராத்திரி 11:40. மகள் போன் செய்தது 11:45. டெக்சா சேர்த்திருந்தால் விடியற்காலை 6 மணியைத் தொட்டிருக்கும். பகல் நர்ஸ் வரும் நேரம், டீ வரும் நேரம், சர்ஜன் ரவுண்ட்ஸ் வரும் நேரம். இப்போது அதே டெக்சாவைக் காலை 9 மணி கேஸுக்குப் போட்டுப் பாருங்கள். எதுவும் சேர்க்காமல் இருந்தால் மாலை 5 மணிக்கு, எல்லாரும் இருக்கும்போது கை விழித்துக்கொள்ளும். டெக்சா சேர்த்தால் சரியாக ராத்திரி 11:30, 12க்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நீங்கள் தப்பிக்க நினைக்கும் அதே நேரத்துக்கு, நீங்களே கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அதனால் மதியத்துக்கு மேல் வரும் கேஸுக்கு மட்டும் டெக்சா என்று வைத்திருக்கிறேன். காலைக் கேஸுக்குச் சேர்ப்பதில்லை.

எது சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி விஷமானால் முறிக்க 20 சதவீத லிப்பிட் பாட்டில் உங்கள் பையில் இருக்கட்டும். கிலோவுக்கு 1.5 மில்லி என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

பதில்: புதுசா முடிச்ச எம்.டி.

சார், அட்டெனோலால் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், மானிட்டர் இல்லாத இடத்திலும் டெக்ஸ்மெட் வேண்டாம்.

ஆனால் காலைக் கேஸுக்கு டெக்சா வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாலை 5க்கே பிளாக் போய்விட்டால் அந்த ராத்திரி முழுவதும் வெறும் மாத்திரையில் ஓட்ட வேண்டும். மணிக்கட்டு பிளேட்டுக்கு அது போதும். முழங்கை நொறுங்கிப்போய்த் தட்டிச் சேர்த்தவருக்குப் போதுமா? அங்கே நான் டெக்சா போட்டுவிட்டு, பிளாக் விடுவதற்கு முன்பே வலி மாத்திரை உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

பதில்: வாலாஜா பழைய ஆள்

முழங்கைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி. நானும் அப்படித்தான் செய்ய வேண்டும், இனி செய்கிறேன்.

பதில்: கை எலும்பு சர்ஜன், வேலூர்

மயக்க மருந்து டாக்டர்கள் மூவரும் பன்னிரண்டு, பதினைந்து என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு அந்தக் கை எப்போது விழிக்கும் என்பது முக்கியம்.

மேற்கை எலும்பில் பிளேட் வைக்கும்போது ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது. அதை ஒதுக்கி, ரப்பர் குழாய் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்வேன். முடித்ததும் முதலில் நான் கேட்பது, "மணிக்கட்டை மேலே தூக்குங்க". தூக்கினால் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். தூக்காவிட்டால், அது பிளாக்கா, நரம்பு நசுங்கியதா? பதினைந்து மணி நேரம் எனக்கு பதில் கிடைக்காது. பிளேட்டுக்கு அடியில் நரம்பு மாட்டியிருந்தால் அந்த நேரம் முழுக்க வீண்.

இன்னொன்று இதைவிட மோசம். ஜூஸ் மெஷினிலோ பெல்ட்டிலோ நசுங்கிய முன்கை. உள்ளே வீங்கி, சதைப்பையில் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கத் தொடங்கும். அதற்கு முதல் அறிகுறியே, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி. விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். அந்தக் கத்தலை வைத்துத்தான் நான் ராத்திரியில் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறேன். நீங்கள் அதை மரக்கவைத்துவிட்டால் நாடி போகும்வரை எனக்குத் தெரியாது. அதற்குள் சதை செத்துவிடும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நசுங்கல் காயத்துக்கும் மேற்கை எலும்புக்கும் எதையும் சேர்ப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே எனக்கு அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் போதும், இல்லாவிட்டால் முழு மயக்கம். மணிக்கட்டு பிளேட், விரல் நரம்புத் தையல், தசைநாண் தையல், இவற்றுக்கெல்லாம் நீங்கள் எவ்வளவு நீட்டித்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். தசைநாண் தைத்தவர் முதல் ராத்திரி கையை அசைக்காமல் தூங்கினால் என் தையலுக்கு நல்லது.

பதில்: நைட் டியூட்டி சிஸ்டர்

டாக்டர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். அந்த ராத்திரி 14 கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்று மேடம் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் நிற்கிறேன், வேறு ஆஸ்பத்திரியில்.

பிளாக் நீளும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்த ஒருவர், இருட்டில் தன் பக்கத்தில் யாரோ கை போட்டிருக்கிறார்கள் என்று தூக்கி வீசினார். அது அவருடைய கைதான். இன்னொருவர், "என் கை போயிடுச்சா சிஸ்டர்" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டிக்குக் கையைத் தாங்கும் தூளிக்கட்டு அவிழ்ந்து கை கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு வெளியே தொங்கியது. அவர் அதன் மேல் திரும்பிப் படுத்திருந்தார். காலையில் விரல்கள் ஊதி ஊதாவாக இருந்தன. சூடான டீ டம்ளரை மரத்த கையில் அணைத்து வைத்துக்கொண்டு, தோல் கொப்பளித்த பிறகுதான் பார்த்தவரும் உண்டு.

நான் கரிகிரி பக்கம் வளர்ந்தவள். அங்கே தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிற தாத்தாக்களின் விரல்களைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். நோய் விரலைத் தின்னவில்லை, உணர்வு இல்லாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் போன விரல்கள் அவை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் வேலூரில் கை ஆபரேஷன் தொடங்கிய காலத்தில் கண்டு சொன்னது அதுதான். ஒரு ராத்திரி மட்டும் மரத்திருக்கும் கைக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். மருந்தை நீட்டிக்கும் டாக்டர், கையை எப்படி வைக்க வேண்டும் என்று வீட்டு ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போனால் எங்களுக்குப் பெரிய உதவி. "நாளைக் காலை வரை கை உங்களுடையது மாதிரியே இருக்காது, பயப்படாதீங்க" என்ற ஒரு வாக்கியம் போதும்.

அப்புறம், வலி வந்த பிறகு கொடுக்கும் மாத்திரை ஒரு மணி நேரம் எடுக்கும். கேஸ் ஷீட்டில் "வலி இருந்தால்" என்று எழுதாமல் மணியைப் போட்டு எழுதுங்கள் மேடம். மணி போட்டிருந்தால் நான் பிரசவ அறையில் இருந்தாலும் ஆயாவை அனுப்பிக் கொடுக்க வைப்பேன். "வலி இருந்தால்" என்றிருந்தால், அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் மயக்க மருந்து

சிஸ்டர், என் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் எழுதியிருந்தது அதே "வலி இருந்தால்" தான். நன்றி.

செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு மணிக்கட்டு பிளேட் வந்தது, பள்ளிகொண்டாவில். 34 வயது, ஷூ கம்பெனியில் தையல் வேலை. சர்ஜனிடம் கேட்டேன், நீட்டிக்கலாம் என்றார். 0.5 சதவீத புபிவகெய்ன் 20 மில்லி, டெக்சா 8 மில்லிகிராம் சலைனில் மெதுவாக. அரிப்பு பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்ததால், லேசாக வந்தபோது சிரித்துக்கொண்டே "வந்துடுச்சு மேடம்" என்றாள். பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் ராத்திரி 10 மணி, விடியற்காலை 4 மணி என்று எழுதினேன். அவள் கணவனைக் கூப்பிட்டுத் தூளியைக் கட்டிக் காட்டி, கைக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னேன். ராத்திரி போன் வரவில்லை. எனக்குத்தான் 11:45க்கு விழிப்பு வந்துவிட்டது. காலை 6:20க்கு அவனே கூப்பிட்டான். ஐந்தரைக்கு மேல் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து விரல் அசைகிறதாம், வலி இருக்கிறது, ஆனால் பொறுத்துக்கொள்கிற அளவுதான் என்றான்.

நாளை காலை 9 மணிக்கு காட்பாடியில் ஒரு கேஸ். 64 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், மணிக்கட்டுதான். டெக்சா போட்டால் சர்க்கரை ஏறும், கடிகாரமும் நமக்கு எதிராக இருக்கிறது. அதனால் வெறும் புபிவகெய்ன், மாலை 4 மணிக்கு மாத்திரை. சீட்டு எழுதி வைத்துவிட்டேன், கட்டில் தலைமாட்டில் ஒட்டப் போகிறேன்.